சராசரி உயர்ந்தால் வறுமை ஒழிந்துவிடுமா?

2004 டிசம்பர் 20 அன்று, மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிக்க ஐ.நா. பொதுச் சபை முடிவு செய்தது. ஆறாவது நாள் ஆழிப்பேரலை தாக்கியது. 80-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சேதத்தின் மதிப்பு, அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 62 விழுக்காடு என்று உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. ஆகியவை கூட்டாக மதிப்பிட்டன.

அதே பேரலைக்குத் தமிழகம் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தது. ஆயினும், இந்தியப் பொருளாதாரத்தில் அந்தச் சேதம் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பெரிய நாட்டில் ஒரு கடற்கரை அழிந்தால், மற்ற பகுதிகளின் உற்பத்தி அதைத் தாங்கிக்கொள்ளும். மாலத்தீவு முழுவதுமே கடற்கரைதான். தாங்குவதற்கு வேறு பகுதி கிடையாது.

பட்டியலிலிருந்து ஒரு நாட்டை விடுவிக்க மூன்று அளவுகோல்கள் உள்ளன: தனிநபர் வருமானம், கல்வி மற்றும் உடல்நலம், அதிர்ச்சிகளால் பொருளாதாரம் பாதிக்கப்படும் வாய்ப்பு. அடுத்தடுத்த இரு ஆய்வுகளில் இவற்றுள் இரண்டில் தேறினால் போதும். மாலத்தீவு முதல் இரண்டில் தேறியது, மூன்றாவதில் தேறவில்லை. எதில் தேறவில்லையோ, அதுவே ஆறு நாள்களில் உண்மையாயிற்று.

1972-இல் தொடங்கிய சுற்றுலாத் தொழில் மாலத்தீவின் சராசரி வருமானத்தை உயர்த்தியது உண்மை. ஆனால், சொகுசு விடுதிகள் தனித்தனித் தீவுகளில் இயங்குகின்றன. அவற்றுக்கு வேண்டிய உணவுப் பொருள்களில் பெரும்பகுதி இறக்குமதியாகிறது. எனவே அந்த வருமானம் தொலைதூரத் தீவுகளின் மீனவர் குடும்பங்களை முழுமையாகச் சென்றடைவதில்லை. 1997-98-லும் 2004-லும் நடத்தப்பட்ட வறுமைக் கணக்கெடுப்புகளில், குறிப்பிட்ட சில குடும்பங்கள் இரு முறையும் ஆராயப்பட்டன. வறுமை பெரிதும் குறைந்திருந்தது. ஆனால், முன்பு ஏழைகளாக இல்லாத பல குடும்பங்கள் வறுமைக்குள் விழுந்திருந்தன. வறுமைக் கோட்டைக் கடப்பது வேறு. கடந்த இடத்தில் நிலைத்து நிற்பது வேறு.

உதவி என்ன செய்யும் என்பதற்குக் கந்தொலுதூ தீவு ஒரு சான்று. பேரலையில் அத்தீவு வாழத் தகுதியற்றதாகிவிட, மக்கள் அனைவரும் வெளியேறினர். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அண்டைத் தீவுகளில் தற்காலிகக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அதன் பிறகு, ஆளில்லாதிருந்த துவாபரு தீவில் செஞ்சிலுவை அமைப்பு கட்டித் தந்த வீடுகளில் குடியேறினர். கடனாக அன்றி, கொடையாக வந்த உதவி அது. கடனாக வந்திருந்தால் வீட்டோடு வட்டியும் சேர்ந்திருக்கும்.

பேரலையால் ஒத்திவைக்கப்பட்ட விடுவிப்பு 2011 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அளித்துவந்த தீர்வையற்ற சந்தை வாய்ப்பு மேலும் மூன்றாண்டுகள் நீடித்து, 2013 இறுதியில் முடிவடைந்தது. பதப்படுத்திய சூரை மீனுக்கு அங்கு 24 விழுக்காடு வரை தீர்வை உண்டு. தமிழர்களுக்கு மாசிக் கருவாடாக அறிமுகமான அந்த மீனை, மாலத்தீவு மீனவர்கள் தூண்டிலிட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். சராசரியை உயர்த்தியது விடுதி. அதற்கான விலையைக் கொடுத்தது தூண்டில்.

சலுகைகள் என்றென்றும் தொடர வேண்டும் என்பதல்ல நமது வாதம். சலுகையே பழக்கமாகிவிட்டால் சொந்த முயற்சி குன்றும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. மாலத்தீவின் இன்றைய கடன் சுமைக்கு அந்நாட்டு அரசுகளின் கொள்கைகளும் காரணம். 2024 அக்டோபரில் 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் அளவிலான நாணயப் பரிமாற்ற வசதியை இந்தியா அளிக்க வேண்டியிருந்தது. ஆயினும், கடலால் நேரும் இழப்பையும் கொள்கைப் பிழையால் நேரும் இழப்பையும் ஒரே கணக்கில் எழுதுவது முறையன்று.

2024 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச் சபை பன்முகப் பாதிப்புக் குறியீட்டை ஏற்றது. வருமானத்துக்கு அப்பால், இயற்கைச் சீற்றம், வெளிச் சந்தைச் சார்பு, மீண்டெழும் ஆற்றல் ஆகியவற்றை அது கணக்கில் கொள்கிறது. ஆனால், அதைப் பயன்படுத்துவது நாடுகளின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. கடன் கொடுக்கும் வங்கிகளும் உதவி வழங்கும் நாடுகளும், இந்தியா உள்பட, வட்டி விகிதத்தையும் கொடையின் அளவையும் முடிவு செய்யும்போது இக்குறியீட்டைக் கையிலெடுக்க வேண்டும். கரையேறியவர் கையை உடனே விட்டுவிடுவது உதவியாகாது. அடுத்த அலை வரும்போது அவரால் நிற்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.