ஞானப்பல்லை எடுத்தாகிவிட்டது, தொல்லை ஏன் இன்னும் தீரவில்லை?

கடைவாயின் கோடியில் முளைக்கும் ஞானப்பல்லை எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அப்படி நடப்பதில்லை. நான்காம் நாள் வலி திடீரென்று கூடுகிறது. மூன்றாம் வாரத்தில் ஈறிலிருந்து கெட்ட வாடை வருகிறது. இரண்டு மாதம் கழிந்தும் கீழுதடு மரத்தே கிடக்கிறது. "பல் பிடுங்கினால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும்" என்று வீட்டிலிருப்பவர்கள் சொல்ல, அவரும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு நாளைக் கடத்துகிறார். சில தொல்லைகள் உண்மையிலேயே தானாகச் சரியாகும். சிலவற்றுக்குக் காலக்கெடு உண்டு. கெடு தாண்டினால் மருத்துவராலும் அதிகம் செய்ய இயலாது. எது எந்த வகை என்று தெரிந்திருப்பது நம் எல்லோருக்கும் அவசியம்.

பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், மற்றப் பற்களெல்லாம் முளைத்து முடிந்த பிறகு இது வருகிறது. புத்தி முதிரும் வயதில் வருவதால் ஞானப்பல் என்றார்கள். அரபியிலும் 'ழிர்ஸுல் அக்ல்', அதாவது அறிவின் கடைவாய்ப் பல் என்றே பெயர். உருதுவில் 'அக்ல் தாட்' என்பதும் இதே பொருள்தான். பெயர் பெரிதாக இருந்தாலும் அதற்குத் தாடையில் இடம்தான் இருப்பதில்லை. கடைசியாக வருவதால் கிடைத்த இடுக்கில் சாய்ந்தும் படுத்தும், பாதி ஈறுக்குள்ளும் சில சமயம் முழுக்க எலும்புக்குள்ளும் புதைந்து நிற்கிறது. எனவே அதை எடுப்பது ஆடும் பல்லைப் பிடுங்குவது போன்ற வேலையல்ல. ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடவேண்டி வரும். பின்னால் வரும் தொல்லைகளுக்கும் இதுதான் அடிப்படை. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் எலும்பு கெட்டி. தொல்லையும் அங்கேதான் அதிகம்.

ஆறுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடிபோல் நிற்கும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியத் தொடங்கும். வாயைத் திறப்பது ஒன்றிரண்டு வாரம் சிரமமாக இருக்கலாம். மேலே ஈறு மூடிக்கொள்ள மூன்று நான்கு வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் செல்லும். அதுவரை நாக்குக்கு அங்கே ஒரு பள்ளம் தட்டுப்படுவது இயல்பே. இதில் மனதில் வைக்க வேண்டிய அளவுகோல் ஒன்றுதான்: வலியும் வீக்கமும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகவேண்டும். குறைந்த வலி மீண்டும் ஏறினால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது.

உறைந்த ரத்தம் போய்விட்டால்

இப்படி ஏறும் வலிக்கு முதல் காரணம், பல் மருத்துவர்கள் 'ட்ரை சாக்கெட்' என்று சொல்லும் வறண்ட குழி. மூடியாக நின்ற ரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், எலும்பு வெறுமையாக வெளியே தெரிகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தொடங்கும். வலி குழியோடு நிற்காது; காதுக்கும் பொட்டுக்கும் ஏறும். வாயில் துர்நாற்றமும் கசப்பும் இருக்கும், ஆனால் காய்ச்சலோ சீழோ பெரும்பாலும் இருக்காது. புகைப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், கடினப்பட்டுப் பல் எடுக்கப்பட்டவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. பீடி, சிகரெட்டை உறிஞ்சும் இழுப்பும் கெடுதல், அதன் புகையும் கெடுதல். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது, காறித் துப்புவது, முதல் நாளே வாயைப் பலமாகக் கொப்பளிப்பது எல்லாம் கட்டியைப் பெயர்த்துவிடக் கூடியவை.

இது கிருமித் தொற்று என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுபவர்கள் நம்மிடையே ஏராளம். இந்த வலிக்கு அது மருந்தல்ல. மருத்துவர் குழியை உப்புநீரால் கழுவி, யூஜினால் கலந்த மருந்துத் துணியை உள்ளே வைப்பார். கிராம்புத் தைலத்தின் சாரம்தான் யூஜினால். பலருக்கும் அன்றைக்கே வலி பாதியாகிவிடும். ஓரிரு முறை மாற்றி வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் குழி ஆறத் தொடங்கும். 'அதே கிராம்புத் தைலம் வீட்டில் இருக்கிறதே' என்று பஞ்சில் நனைத்துத் திறந்த எலும்பின்மேல் வைத்துவிடக் கூடாது. செறிவு மிகுந்த தைலம் அங்குள்ள சதையைப் புண்ணாக்கும்.

இந்த இடத்தில் உளூவைப் பற்றிய கேள்வி வருகிறது. பல் எடுத்த அன்று வாய் கொப்பளிக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். தொழுகைக்கு என்ன செய்வது என்று நம்மிடம் கேட்பவர்கள் பலர். உளூவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் சுன்னத்துதான், ஃபர்ளு அல்ல. காயத்துக்குத் தீங்கு வருமென்றால் அன்று விட்டுவிடுவதில் குறையில்லை. ஹனஃபீ மத்ஹபில் கடமையான குளிப்பின்போது மட்டும் வாய்க்குள் தண்ணீர் சேர்ப்பது ஃபர்ளாகும். அதற்கும் கன்னத்தை உப்பவைத்துக் குலுக்கத் தேவையில்லை; தண்ணீரை மெதுவாக வாயில் எடுத்துத் தலையைச் சாய்த்து வழியவிட்டால் போதும். அதுவும் காயத்துக்குக் கேடு என்று மருத்துவர் சொன்னால் அது சங்கடத்துக்குரிய சலுகையில் சேரும். எச்சிலில் ரத்தம் கலந்து வருவதைப் பற்றி: ஹனஃபீகளிடம் எச்சிலைவிட ரத்தம் மிகைத்தாலோ சமமாக இருந்தாலோ உளூ முறியும், ஷாஃபிஈகளிடம் முறியாது. மேல்தாடைப் பல்லுக்கு இன்னொரு கவனம் தேவை. அதைக் கீழே சொல்கிறோம்.

மரத்துப்போன உதடும் நாக்கும்

எல்லாவற்றிலும் கவலைக்குரியது இதுதான். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் போன்ற பாதை ஓடுகிறது. அதற்குள் செல்லும் நரம்பு கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் கீழ்ப்பற்களுக்கும் உணர்ச்சி தருகிறது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு இந்த நரம்பைத் தொட்டுக்கொண்டே நிற்கும். பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கலாம், இழுபடலாம், அரிதாக அறுபடலாம். நாக்குக்கு உணர்ச்சியும் சுவையும் கொண்டு செல்லும் நரம்பு இன்னொன்று. அது தாடையின் உட்புறத்தில் ஈறை ஒட்டியே போகிறது.

ஊசி மருந்தின் மரப்பு சில மணி நேரத்தில் விலகிவிட வேண்டும். மறுநாள் காலையிலும் உதடு, மோவாய், நாக்கு எதுவும் மரத்திருந்தால் அன்றே பல் எடுத்த மருத்துவரிடம் சொல்லவேண்டும். இதைக் கண்டு பக்கவாதம் என்று பயந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நரம்பு உணர்ச்சிக்கு உரியது. உதட்டை அசைக்கும் நரம்பு வேறு. எனவே கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்காது. ஆனால் தேநீர் உதட்டோரம் வழிவது தெரியாது. நாக்கைக் கடித்துக்கொண்டாலும், சூடு பட்டுப் பொத்துப்போனாலும் பிறகுதான் தெரியும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாததால், "உனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பார்கள். அது அவர்களை இன்னும் நோகடிக்கிறது. ஓதுவதையும் பேசுவதையும் தொழிலாகக் கொண்டவர்களுக்கு நாக்கு மரத்துப்போவது சிறிய விஷயமல்ல.

ஆறுதலான செய்தி, இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடுகிறது. ஊசி குத்துவது போலவோ எறும்பு ஊர்வது போலவோ தோன்றத் தொடங்கினால் அது நரம்பு உயிர்பெறும் அறிகுறி. நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் 'பெரும்பாலோரில் நாமும் ஒருவர்' என்று எண்ணிச் சும்மா இருந்துவிடக் கூடாது. மருத்துவர் பஞ்சாலும் ஊசிமுனையாலும் தொட்டுப் பார்த்து, மரத்த இடத்தின் எல்லையைக் குறித்து வைக்கவேண்டும். அடுத்தடுத்த முறை அந்த எல்லை சுருங்குகிறதா என்று ஒப்பிடவேண்டும். மூன்று மாதம் ஆகியும் அசைவே இல்லையென்றால், நரம்பைச் சீர்செய்யும் நுண் அறுவை சிகிச்சை தேவையா என்று வாய், தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்டாக வேண்டும். அந்தச் சிகிச்சை முதல் சில மாதங்களுக்குள் செய்யப்பட்டால்தான் பலன் அதிகம். சத்து மாத்திரை என்று பி வைட்டமின் கொடுப்பது வழக்கம்; அதை மட்டும் விழுங்கிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டுவது, கிடைத்த அவகாசத்தைத் தொலைப்பதாகும். சிலருக்கு மரப்புக்குப் பதில் எரிச்சலும், லேசாகத் தொட்டாலே மின்சாரம் பாய்வது போன்ற வலியும் தங்கிவிடும். அதற்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது; நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உள்ளன.

வாரங்கள் கழித்து வருபவை

எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்த மூன்று நான்கு வாரம் கழித்துக் கன்னம் வீங்குவதுண்டு. கீழ்க்குழியில் உணவுத் துணுக்கு சேர்ந்து சீழ் பிடிப்பதே பெரும்பாலும் காரணம். கழுவிச் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும். முதல் 24 மணி நேரம் கழிந்த பின்னர், வெதுவெதுப்பான உப்புநீரை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் மெல்ல வாயில் வைத்துத் துப்பி வந்தால் இதைப் பெரிதும் தடுக்கலாம். ஈறில் முள் போல ஏதோ குத்துகிறது, பல் துண்டை உள்ளேயே விட்டுவிட்டார்கள் என்று சிலர் சண்டைக்கே போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அது எலும்புச் சிராய். தானே வெளியே வரும், அல்லது மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். அரிதாக, எலும்பு குடையப்பட்ட தாடை சில வாரம் கழித்துக் கடினமான எதையாவது கடிக்கும்போது விரிசல் விடுவதும் உண்டு. 40 வயது கடந்த ஆண்களுக்கு இது கூடுதல். எனவே முதல் மாதம் எலும்பு கடிப்பதையும் முறுக்கு கடிப்பதையும் விட்டுவைக்கலாம்.

மேல் ஞானப்பல்லுக்கு மேலே கன்னத்துச் சைனஸ் அறை இருக்கிறது. இடையில் இருப்பது மெல்லிய எலும்பு. பல்லோடு அது பெயர்ந்தால் வாய்க்கும் மூக்குக்கும் வழி உண்டாகி, குடித்த தண்ணீர் மூக்கில் வரும். சிறிய துவாரம் தானே மூடிக்கொள்ளும். பெரியதைத் தைத்து மூடவேண்டும். இப்படிப்பட்டவர்கள் இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்தபடி தும்மவேண்டும். மேலே சொல்வதாகச் சொன்னது இதைத்தான்: உளூவில் மூக்குக்குத் தண்ணீரை உறிஞ்சி ஏற்றிப் பலமாகச் சிந்துவதை இவர்கள் தவிர்க்க வேண்டும், விரலால் ஈரப்படுத்திக்கொண்டால் போதும். மேல்பல்லை எடுத்தால் கண்பார்வை போகும் என்று நம் ஊர்களில் ஒரு பயம் உண்டு. பார்வை நரம்புக்கும் இந்தப் பல்லுக்கும் தொடர்பில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு எந்தப் புண்ணும் தாமதமாகவே ஆறும் என்பது தெரிந்ததே. பலருக்குத் தெரியாதது எலும்புத் தேய்வு மருந்துகளைப் பற்றியது. எலும்புத் தேய்வுக்கும், எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் தரப்படும் அலென்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் அமிலம் போன்றவற்றை எடுப்பவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்தபடி செத்துப்போவதை 2003-இல் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ் எடுத்துரைத்தார். எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு தெரிந்தால் அந்தச் சந்தேகம் எழவேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஊசியாகப் போட்டுக்கொள்வதால், 'நான் எந்த மருந்தும் சாப்பிடவில்லை' என்று சொல்லிவிடும் வயதான தாய்மார்கள் உண்டு. உடன் போகும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துச் சொல்லவேண்டும். கழுத்துக்கும் தாடைக்கும் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சொல்லவேண்டும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. அதனால் இதயத்துக்கும் மூளைக்கும் வரும் ஆபத்து பல்லைவிடப் பெரியது.

கீழ்க்கண்டவற்றுக்கு மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது: நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் பரவுவது, எச்சிலை விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், குளிர்காய்ச்சல், பஞ்சைக் கடித்து அரைமணி நேரம் அழுத்தியும் நிற்காத ரத்தம். வாயின் அடித்தளத்தில் பரவும் இந்தத் தொற்றை 1836-இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். மூச்சுக்குழாயை அடைத்து உயிரைப் பறிக்கக் கூடியது இது. பல் கிளினிக் திறக்கும்வரை பார்ப்போம் என்று இருக்காமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

எல்லா ஞானப்பல்லையும் எடுத்துத்தான் ஆகவேண்டுமா என்பதும் கேட்கத் தக்க கேள்வியே. வலியோ சொத்தையோ தொற்றோ இல்லாமல் புதைந்திருக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது என்போரும் மருத்துவர்களில் உண்டு. வயது ஏற ஏற எலும்பு இறுகும் என்பது அவர்களின் வாதம். பழைய காலத்திலும் இந்த எச்சரிக்கை இருந்தது. 1013-இல் மறைந்த குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில், பல்லை எடுக்க அவசரப்படக் கூடாது என்கிறார். முரட்டுத்தனமாகப் பிடுங்கி வேரை உடைத்து உள்ளே விடுபவர்களையும், தாடையைச் சேதப்படுத்துபவர்களையும் அவர் கண்டிக்கிறார்.

எடுப்பது என்று முடிவானால், ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயைக் காட்டி, "வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மிகப் பக்கத்தில் என்றால் முப்பரிமாண சிடி எடுத்துப் பார்க்கலாம். சிலருக்கு வேரை அப்படியே விட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் முறையும் இருக்கிறது. எடுத்த பின் தொல்லை தொடர்ந்தால் முதலில் எடுத்தவரிடமே போங்கள். உள்ளே என்ன நடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அங்கே தீரவில்லையென்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய், தாடை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சென்னையில் உள்ளது 1953-இல் தொடங்கப்பட்டது. போகும்போது பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பல் எடுத்த தேதி, மரப்பு அல்லது வலி தொடங்கிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.