விதைநெல்லுக்கு ஒரு பிட்ச்சர்

2012 டிசம்பரில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி கொதித்துப் போயிருந்தது. ஊரின் பேஸ்பால் அணியான ராயல்ஸ், வில் மையர்ஸ் என்ற 21 வயது இளைஞரை இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டது. பெரிய லீகில் அவர் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் அந்த ஆண்டு மைனர் லீகில் 37 ஹோம் ரன் அடித்திருந்தார். ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் அவரை மைனர் லீக்குகளின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று அறிவித்திருந்தது. ராயல்ஸ் ரசிகர்களுக்கு அவர் வெறும் பெயரல்ல. 1985-க்குப் பிறகு ஒருமுறைகூடப் பிளே-ஆஃப் பக்கம் எட்டிப் பார்க்காத அணிக்கு வரப்போகும் விடிவு.

மையர்ஸுடன் ஜேக் ஓடோரிஸி, மைக் மான்ட்கோமரி, பேட்ரிக் லெனார்ட் என இன்னும் மூன்று இளைஞர்களும் டாம்பா பே ரேஸ் அணிக்குப் போனார்கள். அங்கிருந்து முக்கியமாக வந்தவர்கள் இருவர்: ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ். ஷீல்ட்ஸ் நம்பகமான ஸ்டார்ட்டிங் பிட்ச்சர். ஆனால் அவருக்கு 31 வயது நிறையப் போகிறது. இரண்டே சீசன்தான் ஒப்பந்தம் மிச்சம். ராயல்ஸின் பொது மேலாளர் டேட்டன் மூருக்கு அன்று விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

ஏன் இவ்வளவு கோபம் என்பதற்கு அங்குள்ள கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே பல படிகளாக மைனர் லீக் அணிகள் உண்டு. இந்த ஏற்பாட்டையே ‘பண்ணை’ என்றுதான் அவர்கள் அழைக்கிறார்கள். 18 வயதிலோ 21 வயதிலோ வரும் பையன்கள் அங்கே படிப்படியாக ஏறுகிறார்கள். அவர்களில் தேறக்கூடியவர் என்று கணிக்கப்படுபவர்தான் ‘பிராஸ்பெக்ட்’. பெரிய லீகுக்கு ஏறிய பிறகும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அவர் அதே அணிக்குக் கட்டுப்பட்டவர். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமும் மிகக் குறைவு. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போலப் பணத்தைக் கொட்ட முடியாத ஊர்களுக்கு இவர்கள்தான் விதைநெல்.

அந்த விதைநெல்லை எதற்காக விற்கிறார்கள்? கிரிக்கெட்டில் ஓர் ஓவர் முடிந்ததும் பந்து வேறு கைக்குப் போய்விடுகிறது. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஐந்து, ஆறு, சில நாள் ஏழு இன்னிங்ஸ்வரை ஒற்றை ஆளாக எறிகிறார். பிறகு நான்கு நாள் ஓய்வு. 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இப்படி ஐந்து பேர் முறைவைத்து எறிவார்கள். பிளே-ஆஃபில் ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள்கள் அதிகம். மூன்று, நான்கு பேர் போதும். ஏழு ஆட்டத் தொடரில் ஒரே ஆள் இரண்டு முறையாவது எறிய முடியும். அப்படிப்பட்ட ஒருவர் கைவசம் இருந்தால் கோப்பை பக்கத்தில் தெரியும். அதனால்தான் ஜூலை மாதக் கடைசியில், வர்த்தகக் கெடு நெருங்கும்போது, அமெரிக்க ஊர்களின் தேநீர்க்கடைக்கு ஒப்பான ஒவ்வோர் இடத்திலும் ஒரே வழக்கு நடக்கிறது: கொடுக்கலாமா, கூடாதா?

கூடாது என்பவர்கள் கையில் ஒரு கதை எப்போதும் தயாராக இருக்கும்.

1987 ஆகஸ்ட் 12. டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயது பிட்ச்சரை வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங்கில் வளர்ந்தவர். டைகர்ஸுக்கு ஆட வேண்டும் என்று கனவு கண்டே வளர்ந்தவர். அந்த ஆண்டு இரண்டாம் படி மைனர் லீகில் அவர் 4 ஆட்டம் வென்று 10 ஆட்டம் தோற்றிருந்தார். பின்னாளில் இவர் 213 ஆட்டங்களை வெல்வார், 154 ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் எறிந்து காப்பார், 1996-ல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதைப் பெறுவார், 2015-ல் புகழ் மன்றத்தில் இடம்பெறுவார் என்று அந்தக் கணக்கைப் பார்த்த யாருக்குத் தோன்றியிருக்கும்?

அந்தப் பேரத்தின் மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அலெக்சாண்டர் டெட்ராய்டுக்கு வந்து 11 ஆட்டங்களைத் தொடங்கினார். 9 வெற்றி, தோல்வியே இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்தது 1.53 ரன். சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது டொராண்டோ புளூ ஜேஸ் மூன்றரை ஆட்டம் முன்னால் இருந்தது. டெட்ராய்ட் துரத்திப் பிடித்தது. கடைசி மூன்று நாளும் டொராண்டோவையே வரவழைத்து மூன்று ஆட்டத்தையும் வென்றது. இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் பிரிவுப் பட்டம். அலெக்சாண்டர் இல்லாமல் அது நடந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம்.

பிளே-ஆஃபில் மினசோட்டாவிடம் அவர் இரண்டு முறை தோற்றார், டைகர்ஸ் வெளியேறியது. 1989-ல் 18 ஆட்டம் தோற்று ஓய்வு பெற்றார். டெட்ராய்ட் அடுத்து பிளே-ஆஃப் பார்த்தது 2006-ல். ஸ்மோல்ட்ஸ் அதற்குள் அட்லாண்டாவில் 1995-ல் உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடரின் கோப்பையைத் தொட்டிருந்தார். ஆகவே இது முட்டாள்தனமான பேரங்களின் பட்டியலில் முதல் வரிசையில் வைக்கப்படுகிறது. அந்த இடம் அதற்கு நியாயமானதல்ல. அந்தக் கடைசி வாரத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களிடம் கேட்காமல் எழுதப்பட்ட தீர்ப்பு அது.

மில்வாக்கி ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அவர்களுடைய புரூவர்ஸ் அணி 1982-க்குப் பிறகு பிளே-ஆஃபே ஆடாமல் 26 ஆண்டுகள் கிடந்தது. 2008 ஜூலை 7-ல் அது க்ளீவ்லேண்டிடமிருந்து சி.சி. சபாத்தியாவை வாங்கியது. முந்தைய ஆண்டுதான் சை யங் விருது வாங்கியவர். அந்த சீசன் முடிந்ததும் அவர் யாருக்கும் கட்டுப்படாதவர் ஆகிவிடுவார், மில்வாக்கிக்கு அவர் சம்பளம் கட்டுப்படியாகாது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். மூன்று மாத வாடகைக்குத்தான் மேட் லாபோர்ட்டா உள்பட நான்கு இளைஞர்களைக் கொடுத்தார்கள். லாபோர்ட்டா முந்தைய ஆண்டு, அணிகள் இளைஞர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் சுற்றில் எடுத்த பையன்.

சபாத்தியா 17 ஆட்டங்களைத் தொடங்கி 11-ல் வென்றார், 2-ல் தோற்றார். ஏழு ஆட்டங்களில் வேறு யாருக்கும் பந்தைக் கொடுக்காமல் கடைசிவரை தானே எறிந்தார். செப்டம்பரில் அணி தடுமாறியது. இன்னும் 12 ஆட்டங்களே இருக்கும்போது பயிற்சியாளர் நெட் யோஸ்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நெருக்கடியில் சபாத்தியா நான்கு நாள் ஓய்வை மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டு, ஒருமுறை அல்ல, அடுத்தடுத்து மூன்று முறை எறிந்தார். கோடிக்கணக்கான டாலர் புது ஒப்பந்தம் காத்திருக்கும்போது, நாளை வேறு ஊருக்குப் போகப்போகிறவர், தன் தோளை இப்படிப் பணயம் வைத்தார். இதற்கு என்ன விலை போடுவது?

செப்டம்பர் 28, கடைசி நாள், எதிரில் சிகாகோ கப்ஸ். எட்டாவது இன்னிங்ஸில் ரயன் பிரான் அடித்த ஹோம் ரன்னில் புரூவர்ஸ் 3-1 என்று முந்தியது. சபாத்தியா ஆட்டத்தை முடித்துவைத்தார். ஆனால் நியூயார்க் மெட்ஸ் தோற்றால்தான் இடம் உறுதி. அந்த ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ரசிகர்கள் எழுந்து போகவில்லை. ஆட்டக்காரர்களும் அவர்களுமாக மைதானத்தின் பெரிய திரையில் நியூயார்க் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெட்ஸ் 4-2 என்று தோற்றது. 26 ஆண்டு வறட்சி முடிந்தது.

அடுத்த சுற்றில் பிலடெல்பியா அவர்களை அனுப்பிவைத்தது. டிசம்பரில் சபாத்தியா 161 மில்லியன் டாலருக்கு யாங்கீஸுக்குப் போனார். பிராஸ்பெக்டுகளில் எல்லோரும் பெரிதாகப் பேசிய லாபோர்ட்டா தேறவில்லை. பின்னால் சேர்த்துக் கொடுக்கப்பட்ட, அதிகம் பேசப்படாத மைக்கேல் பிராண்ட்லி ஐந்து முறை ஆல்-ஸ்டார் ஆனார். எந்த நெல் முளைக்கும் என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

இரண்டே ஆண்டில் மில்வாக்கி மறுபடி அதையே செய்தது. 2010 டிசம்பரில் சாக் கிரெயின்கி என்ற பிட்ச்சருக்காக லொரென்சோ கெய்ன், ஆல்சிடிஸ் எஸ்கோபார், ஜேக் ஓடோரிஸி, ஜெரமி ஜெஃப்ரெஸ் ஆகியோரைக் கொடுத்தது. அந்த இளைஞர்களை வாங்கிய அணி கான்சஸ் சிட்டி ராயல்ஸ். கிரெயின்கி 16 ஆட்டங்களை வென்றார். 2011-ல் மில்வாக்கி உலகத் தொடருக்கு ஒரு படி கீழேவரை போனது. கான்சஸ் சிட்டியோ தன் பண்ணையில் மேலும் விதைநெல் சேர்த்தது. மில்வாக்கி துரத்திய நெட் யோஸ்டும் அங்கேதான் பயிற்சியாளராக இருந்தார். கிரெயின்கிக்காக வந்த அதே ஓடோரிஸியைத்தான் இரண்டு ஆண்டு கழித்து ஷீல்ட்ஸுக்காக டாம்பாவுக்கு அனுப்பினார்கள்.

அந்த 2012 டிசம்பர்ப் பேரம் என்ன ஆயிற்று? முதல் ஆண்டு ரசிகர்களின் கோபம் சரியென்றே தோன்றியது. மையர்ஸ் 2013-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம். வேட் டேவிஸ் ஸ்டார்ட்டராக எடுபடவில்லை. ஷீல்ட்ஸ் மட்டும் சொன்ன வேலையைச் செய்தார்: இரண்டு சீசனிலும் தலா 34 ஆட்டம், மொத்தம் 27 வெற்றி. 2014-ல் ராயல்ஸ் 29 ஆண்டுகளுக்குப் பிறகு பிளே-ஆஃப் வந்தது. ஓக்லாந்துடன் நடந்த வைல்டு கார்டு ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் 7-3 என்று பின்தங்கியிருந்து, 12-வது இன்னிங்ஸில் 9-8 என்று வென்றது. அன்று எதிரில் பந்தெறிந்த ஜான் லெஸ்டரும் ஜூலைக் கெடு நாளில் ஓக்லாந்து விலைகொடுத்து வாங்கியவர்தான்.

ஷீல்ட்ஸ் அந்த ஆண்டு உலகத் தொடரில் தொடங்கிய இரண்டு ஆட்டத்திலும் தோற்றார்; சீசன் முடிந்ததும் போய்விட்டார். பேரத்தின் கடைசிப் பயனை அவர் பார்க்கவில்லை. அதைக் கொண்டுவந்தவர் கூடவே வந்த வேட் டேவிஸ். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் எறியும் வேலைக்கு மாற்றியதும் அவர் அசைக்க முடியாதவராகிவிட்டார்: 2014-ல் சராசரி 1.00, 2015-ல் 0.94. 2015 ஜூலையில் டேட்டன் மூர் மறுபடி மூன்று இளம் பிட்ச்சர்களைக் கொடுத்து ஜானி குவேட்டோவை வாங்கினார். சீசனில் குவேட்டோ நான்கு வெற்றி, ஏழு தோல்வி என்று தடுமாற, ஊர் மறுபடி முணுமுணுத்தது. உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஒன்பது இன்னிங்ஸையும் தானே எறிந்து, மெட்ஸுக்கு இரண்டே ஹிட் விட்டுக்கொடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி விக்கெட்டை, கிரிக்கெட் மொழியில் சொன்னால், டேவிஸ் எடுத்தார். கான்சஸ் சிட்டியின் வெற்றி ஊர்வலத்துக்கு 8 லட்சம் பேர் வந்ததாக அதிகாரிகள் கணித்தார்கள்.

இதனால் எந்தப் பேரமும் சரி என்று ஆகிவிடாது. 2004 ஜூலை 30-ல் நியூயார்க் மெட்ஸ், ஸ்காட் காஸ்மிர் என்ற 20 வயது இடக்கைப் பிட்ச்சரைக் கொடுத்து விக்டர் சாம்பிரானோவை வாங்கியது. அந்த அணி 71 வெற்றி, 91 தோல்வியோடு சீசனை முடித்தது. எட்டாத கனிக்கு ஏணி வாங்குவதற்காக வீட்டை விற்ற வேலை அது. காஸ்மிர் 2008 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார், டாம்பா சட்டையில். இன்னொன்று 2016 ஜூனில் நடந்தது. 34 வயதாகிவிட்ட அதே ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ், தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத 17 வயதுப் பையனை சான் டியேகோவுக்குக் கொடுத்தது. அவர்தான் பெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். ஐந்து ஆண்டுக்குள் 340 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டார். ஒயிட் சாக்ஸ் அந்த ஆண்டு தோல்விகளே அதிகமான கணக்கோடு முடித்தது.

கொடுத்த பையன் பிறகு எவ்வளவு பெரியவன் ஆனான் என்று அளப்பதைவிட, கொடுத்த நாளில் அணி எங்கே நின்றது என்று பார்ப்பதே சரியான அளவுகோல். டெட்ராய்டும் மில்வாக்கியும் வாசற்படியில் நின்றன. மெட்ஸ் தெருமுனையில்கூட இல்லை.

கடைசியாக ஒரு ராத்திரி. 2016 நவம்பர் 2, க்ளீவ்லேண்ட். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். கோப்பை இல்லாமல் கப்ஸ் 108 ஆண்டுகள், க்ளீவ்லேண்ட் 68 ஆண்டுகள். க்ளீவ்லேண்டுக்காகத் தொடங்கியவர் கோரி குளூபர். 2010-ல் ஜேக் வெஸ்ட்புரூக் என்ற பிட்ச்சரை விட்டுக்கொடுத்தபோது, மூன்று அணிப் பேரமொன்றில், பெயர் தெரியாத மைனர் லீக்காரராக வந்து சேர்ந்தவர். கப்ஸுக்காகத் தொடங்கியவர் கைல் ஹென்ட்ரிக்ஸ். 2012-ல் ரயன் டெம்ஸ்டர் என்ற பிட்ச்சருக்காக டெக்சஸ் ரேஞ்சர்ஸ் கொடுத்தனுப்பிய பையன். கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் அடிசன் ரஸ்ஸல், 2014-ல் இரண்டு பிட்ச்சர்களுக்காக ஓக்லாந்து விற்றவர். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6-6. மழை 17 நிமிடம் ஆட்டத்தை நிறுத்தியது. பத்தாவதில் கப்ஸ் 8-7 என்று முன்னால் நிற்க, இன்னும் ஒரே ஒருவரை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் ஓர் இடக்கைப் பிட்ச்சர் உள்ளே வந்தார். பெரிய லீகில் அதுவரை ஓர் ஆட்டத்தைக்கூட அப்படி முடித்துக் காப்பாற்றியவரல்ல. இரண்டே பந்து. மூன்றாம் பேஸ் பக்கம் உருண்ட பந்தை கிறிஸ் பிரையன்ட் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார்.

அந்தப் பிட்ச்சர் மைக் மான்ட்கோமரி. நான்கு ஆண்டுகளுக்கு முன் கான்சஸ் சிட்டி, மையர்ஸோடு சேர்த்து டாம்பாவுக்கு அனுப்பிவைத்த அதே மான்ட்கோமரி.