பத்தில் எத்தனை என்று கேட்டால் போதாது

புற்றுநோய் கிளினிக்கில் நோவைப் பற்றிப் பெரும்பாலும் ஓர் எண்ணாகத்தான் கேட்பார்கள். நோவே இல்லை என்றால் பூச்சியம், தாங்கவே முடியாது என்றால் பத்து, உங்களுக்கு எத்தனை? எழுபதைத் தாண்டிய ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல ஐயா, ஒரு மூண்டு போடுங்க" என்பார். அட்டையில் மூன்று விழும். அதே ஆள் ஒரு கிழமையாகக் கிணற்றடிக்குப் போகவில்லை என்பதும், பாயில் சரிய முடியாமல் கதிரையில் இருந்தபடியே இரவைக் கழிக்கிறார் என்பதும் அந்த மூன்றுக்குள் அடங்காது.

இந்தக் குறையை மருத்துவ உலகம் அறியும். அமெரிக்க உளவியலாளர் சார்ள்ஸ் கிளீலண்டும் அவரது குழுவினரும் உருவாக்கிய சுருக்கமான படிவம் ஒன்று இன்று பல நாடுகளில் புழங்குகிறது. அது எண்ணோடு நிற்பதில்லை. அன்றாட அலுவல், மனநிலை, நடை, வேலை, மற்றவர்களுடனான உறவு, தூக்கம், வாழ்க்கையில் உள்ள ஈடுபாடு என்ற ஏழிலும் நோவு எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்று கேட்கிறது. கிழக்கிலங்கையின் வெருகலில் கேட்பதானால் இந்த ஏழும் இன்னும் கீழே இறங்கவேண்டும். குந்தி எழும்ப முடிகிறதா? வாளியை நீங்களே இழுக்கிறீர்களா, மகள் அள்ளி ஊற்றுகிறாளா? பேரப்பிள்ளை மடியில் ஏறினால் இறக்கிவிடுகிறீர்களா? சித்திர வேலாயுதர் கோயில் திருவிழாவுக்கு இந்த முறை ஏன் போகவில்லை?

நோவு எத்தனை பேருக்கு வருகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான பகுப்பாய்வின்படி, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் காலத்தில் 55 சதவீதமானோருக்கும், நோய் முற்றிப் பரவியவர்களில் 66 சதவீதமானோருக்கும் நோவு இருக்கிறது. குணமாக்கும் சிகிச்சை முடிந்த பிறகும் 39 சதவீதமானோருக்கு அது தொடர்கிறது. கடைசிக் கணக்கைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. கட்டி போய்விட்டது, பிறகு என்ன நோவு என்று வீட்டார் கேட்பார்கள். அறுவைச் சிகிச்சையில் அறுபட்ட நரம்பும், சில மருந்துகளால் பழுதான நரம்பும் கட்டி போனபின்னும் எரிந்துகொண்டிருக்கும்.

இளையவருக்கு வரும் நோவுக்கும் முதியவருக்கு வரும் நோவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, அது இழுத்துக்கொண்டு வரும் சங்கிலி. புரஸ்டேட் புற்றுநோயோ மார்புப் புற்றுநோயோ இடுப்பெலும்பில் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் இருந்தால் அவ்வளவாக நோகாது, எழும்பினால் உயிர் போகும். மலசலகூடம் வளவின் மூலையில் இருக்கிறது. இரவில் மூன்று தரம் அங்கே போகும் பயத்தில் அவர் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். யாரும் அதைக் கவனிப்பதில்லை. கிழக்கின் வெயிலில் நாலு நாள் இப்படிப் போனால் மலம் இறுகும், சிறுநீர் கடுக்கும், கிருமித் தொற்று வரும். பிறகு ஒரு நாள் இரவு அவர் ஆள் மாறிப் பேசத் தொடங்குவார். செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார். வீட்டார் "அறளை பேந்திட்டுது" என்று முடிவு கட்டுவார்கள். அது பெரும்பாலும் நீரிழப்பும் தொற்றும் சேர்ந்து கொண்டுவந்த தற்காலிகக் குழப்பம், சிகிச்சைக்கு இசையக்கூடியது. அந்தக் குழப்பத்தில் எழும்பி நடந்து விழுந்தால், ஏற்கெனவே நோய் அரித்த எலும்பு முறியும். முறிந்தால் படுக்கை. இந்த வழியில் எங்கேயாவது ஒரு இடத்தில் யாராவது, ஏன் தண்ணி குடிக்கிறீங்க இல்ல என்று கேட்டிருந்தால் போதும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சட்டியோ, உயரமான இருக்கையோ வைத்திருந்தால் அதைவிட நல்லது.

வாய்ப் புற்றுநோய் இன்னொரு விதம். இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயில் வருவதுதான். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்த பழக்கம் அதற்கு முதற்காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலைக்கூட்டும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் தருவன என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இங்கே நோவு முதலில் பறிப்பது சோற்றை. உறைப்புக் கறி, பிறகு கட்டிச் சோறு, பிறகு கஞ்சி என்று ஒவ்வொன்றாகப் போகும். அடுத்துப் பேச்சு போகும். தட்டை முன்னால் வைத்து வெற்றிலை போட்டபடி திண்ணையில் ஊர்க்கதை பேசிய மனிதர், வந்தவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறார். வருகிறவர்களும் குறைகிறார்கள். உடல் மெலிவதைத் தராசு காட்டும். ஆள் தனித்துப் போவதை எந்தக் கருவியும் காட்டாது.

இவ்வளவு நடந்தும் முதியவர்கள் ஏன் நோவைச் சொல்வதில்லை? நோவு கூடினால் நோய் கூடிவிட்டது என்று பொருளாகும் என்ற பயம் ஒன்று. சொன்னால் மகன் கூலி வேலையை விட்டுவிட்டு வாகனம் பிடிக்கவேண்டும் என்ற கவலை இன்னொன்று. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் இன்று எழுபது வயதில் இருப்பவர்கள் 2004 டிசம்பரில் கடல் ஏறியதைப் பார்த்தவர்கள். 2006இல் போருக்குத் தப்பி வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடியவர்கள். தாங்கிக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொண்ட தலைமுறையிடம், நோகுதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "வயசு போனா நோகத்தானே செய்யும்" என்று வைத்தியசாலையிலும் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. முதுமைக்கு நரை உண்டு, திரை உண்டு. தூங்கவிடாத நோவு முதுமையின் பங்கு அல்ல.

மறதி நோய் முற்றியவர்கள் சொல்லவும் முடியாதவர்கள். அவர்களின் முகத்தையும் அசைவையும் பார்க்கவேண்டும்: புரட்டும்போது புருவம் சுருங்குகிறதா, ஒரு பக்கத்தைத் தொடவிடாமல் கையால் தடுக்கிறாரா, இதுவரை அமைதியாக இருந்தவர் குளிப்பாட்டும்போது மட்டும் அடிக்க வருகிறாரா?

மருந்து இருக்கிறது, புதியதும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படி கொண்ட முறையை வெளியிட்டது: லேசான நோவுக்குப் பனடோல் போன்றவை, கூடினால் மென்மையான ஓப்பியம் வகை, அதற்கும் அடங்காவிட்டால் மோர்பின். 2018இல் வந்த புதிய வழிகாட்டி, படிப்படியாக ஏறிக்கொண்டிருக்காமல் ஆளையும் நோவின் கடுமையையும் பார்த்துத் தொடங்கச் சொல்கிறது. வாயால் கொடுங்கள், மணிக்கணக்குப்படி கொடுங்கள் என்ற பழைய விதிகள் மாறவில்லை. மணிக்கணக்கு என்பதுதான் வீடுகளில் தவறிப்போவது. சாதாரண மோர்பின் குளிசை ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் வேலை செய்யும். நோவு வரட்டும், பிறகு போடுவோம் என்று காத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் நோவைத் தலைக்கு மேலே ஏறவிட்டுப் பிறகு துரத்துகிறார்.

மோர்பின் என்றாலே கடைசி நேரம் என்று சனம் நினைக்கிறது. மருத்துவரின் கண்காணிப்பில் புற்றுநோய் நோவுக்குக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. பல மாதங்கள் அதை எடுத்துக்கொண்டு நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். முதல் சில நாள் வரும் தூக்கமும் குமட்டலும் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல். அதனால் மோர்பினோடு சேர்த்தே மலமிளக்கியும் எழுதப்படவேண்டும், எழுதாவிட்டால் கேட்டு வாங்கவேண்டும். முதியவருக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் குறைந்த அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். உண்மையில் அதிகம் பயப்படவேண்டியது கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றுக்கு. வயது போனவரின் வயிற்றில் இரத்தக்கசிவையும் சிறுநீரகப் பழுதையும் அவை சத்தமில்லாமல் கொண்டுவரக்கூடும். மோர்பினுக்கு நடுங்குகிற வீட்டில் இந்தக் குளிசைகள் மிட்டாய் மாதிரிப் போகின்றன.

அடுத்தது வீதி. திருகோணமலை, மட்டக்களப்பு நகரங்களுக்கு ஏறக்குறைய நடுவில், ஏ15 வீதியில் இருக்கிறது வெருகல். புற்றுநோய்ப் பிரிவு உள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகவர ஒரு நாள் செலவாகும். மகரகம அபேக்ஷா, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைகளுக்கு அனுப்பினால் தங்கவும் வேண்டும். முன்பு மிதவைப் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்த இடத்தில் போருக்குப் பின் பாலம் வந்துவிட்டது, அது பெரிய ஆறுதல். ஆனாலும் எலும்பு நோகிறவருக்குப் பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலும் கணக்குத்தான்.

அதனால்தான் எலும்பில் பரவிய நோவுக்கான கதிர்ச் சிகிச்சையைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்லவேண்டும். ஐந்து நாள், பத்து நாள் என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் சிக்கலில்லாத எலும்பு நோவுக்கு 8 கிரே அளவை ஒரே தடவையில் கொடுத்தாலும் நோவு குறைவதில் வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிறகு மறுபடி கொடுக்கவேண்டிய தேவை கூடுதல், அவ்வளவே. பலன் தெரிய இரண்டு மூன்று கிழமை ஆகலாம், முதல் சில நாள் நோவு கூடவும் கூடும். நகரத்தில் இருப்பவருக்கு ஒரு நாளா பத்து நாளா என்பது வசதிப் பிரச்சினை. வெருகலில் இருந்து போகிறவருக்கு, சிகிச்சையை எடுப்பதா விடுவதா என்பதையே அது தீர்மானிக்கும். ஒரே தடவையில் முடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வீட்டுக்கே வரும் பராமரிப்புக்கு நமக்குப் பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபால் முதலானோர் தொடங்கிய சிறு அமைப்பு ஒன்றின் வழியில், கேரளத்தில் அயலவரே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குப் போகும் வலைப்பின்னல் வளர்ந்தது. 2008இல் அந்த மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. இலங்கையும் 2019 முதல் 2023 வரைக்கான தேசிய வலிதணிப்புப் பராமரிப்புச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. அதில் சமூக மட்டத்தில், வீட்டில் வைத்துப் பராமரிப்பது பற்றியும் பேசப்படுகிறது. ஆவணத்துக்கு என்றும் இங்கே பஞ்சமில்லை. கஷ்டப் பிரதேசத்து வீட்டு வாசலுக்கு அந்தப் பராமரிப்பு நடந்து வரவேண்டும்.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளில் நாலு விடயம் எழுதிக் கொண்டுபோவது: இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், கடைசியாக எப்போது மலம் போனது, எந்த வேலையை விட்டுவிட்டார், குளிசை போட்டு எத்தனை மணித்தியாலத்தில் நோவு திரும்புகிறது. எரியுது என்கிறாரா, குத்துது என்கிறாரா என்பதையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். எரிவு நரம்பின் நோவாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

ஒன்றுக்கு மட்டும் கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடாது. புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகு நோவு வந்து, கூடவே கால் சோர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, முள்ளந்தண்டுக்குள் நரம்பு நசிபடுகிறது என்று சந்தேகிக்கவேண்டும். நடை நின்றுபோவதற்கு முன் சிகிச்சை தொடங்கினால் நடையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். நின்றபிறகு அது பெரும்பாலும் திரும்புவதில்லை. அன்றைக்கே, இரவானாலும், பெரிய வைத்தியசாலைக்கு வாகனம் பிடியுங்கள்.