அந்தியில் மான் ஏன் மங்குகிறது?

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியில் பொருத்தும் மலிவு விலைத் தொலைநோக்கிகளில் பரவலானது ஒன்று: 3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மி.மீ. முன் லென்ஸ். மான் மேய வருவதோ விடியலிலும் அந்தியிலும். அந்த நேரத்தில் 9 மடங்கில் பார்த்தால் உருவம் பெரிதாகும், ஆனால் மங்கும். ஏன்?

லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 40-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 4.4 மி.மீ. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவுதான். இருட்டில் இளைஞரின் கண்பாவை 7 மி.மீ. வரை விரியும், அதன் பரப்பில் பாதிகூட நிரம்பாது. பெருக்கத்தை 5-க்கு இறக்கினால் கற்றை 8 மி.மீ. காசு செலவில்லாமல் வெளிச்சம்! (வயது ஏற ஏறக் கண்பாவை அவ்வளவு விரியாது. ஆகவே பெரியவர்கள் பெரிய லென்ஸுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.)

இன்னொரு திருடன் கண்ணாடியே. பூச்சு இல்லாத லென்ஸ், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே பல லென்ஸ்கள், இழப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய பூச்சுகள் இதைப் பெரிதும் தடுக்கும்.

ஒரே விலையில் 24 மடங்கு ஒன்றும், எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சுள்ள 9 மடங்கு ஒன்றும் கிடைத்தால், இரண்டாவதையே வாங்குங்கள்.