மேலே கிளிமூக்கு, கீழே யாரோ!

கொளத்தூரைத் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்து பாலாற்றுப் பாலத்தில் கர்நாடகத்துக்குள் நுழையும். அதற்குச் சற்று முன்னால், தமிழ்நாட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு மாமரங்களைப் பார்த்தேன். இரண்டும் கிளிமூக்கு. ஒரே நாளில், ஒரே வண்டியில் வந்து இறங்கிய ஒட்டுக் கன்றுகள். பதினாறு வருஷத்தில் ஒன்று கிணற்று மேட்டையே மூடி நிற்கிறது. மற்றதில் நின்றபடியே கையை நீட்டிக் காய் பறிக்கலாம். மண்ணும் தண்ணீரும் எருவும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

“சின்னதுக்கு நோவுங்களாய்யா?” என்றேன்.

“நோவெல்லாம் இல்ல கண்ணு. மேல ரெண்டும் ஒரே சாதி. கீழ என்ன கொட்டையோ, யாரு கண்டா!” என்றார் தோட்டக்காரப் பெரியவர்.

அந்தக் கொட்டையைத் தேடினால் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர்ப் பக்கம் போக வேண்டும். மாங்கன்று கட்டுவதற்குப் பேர்போன ஊர். மாங்கூழ் ஆலைகள் ஒதுக்கும் கொட்டைகளை முளைக்கப் போட்டு, தண்டு பென்சில் கனம் வந்ததும் ஒரு சாண் உயரத்தில் தலையைச் சீவுகிறார்கள். தண்டை நடுவில் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்புபோலச் செதுக்கிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றுகிறார்கள். பட்டைக்குக் கீழே உள்ள பச்சை வரியும் பச்சை வரியும் ஒட்டி உட்கார வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் குச்சி கறுத்துவிடும். கை பழகியவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே இதைச் செய்துவிடுகிறார்கள்.

குச்சிக்குத் தாய்மரம் உண்டு. கொட்டைக்குக் குவியல்தான் முகவரி. கிளிமூக்கின் கொட்டையில் கரு ஒன்றே. தாயோடு எந்த மரத்து மகரந்தமோ கலந்து பிறந்த பிள்ளை அது. பத்துக் கொட்டை போட்டால் பத்துக்கும் வேறு வேறு குணம். பெரியவர் தோட்டத்து வித்தியாசம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

வேர் எப்படி மரத்தின் உயரத்தை அடக்கும்? தளிர் நுனியில் ஊறும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி பட்டை வழியாக இறங்கி வேரைத் தூண்டும். வேர் சைட்டோகைனின் என்ற ஊக்கியை மேலே அனுப்பிக் கிளையைத் தூண்டும். மரத்தைக் குட்டையாக்கும் வேரில் இந்தக் கொடுக்கல் வாங்கல் மந்தம். நீர் ஏறும் குழாய்களும் சிறுத்தவை. அப்படிப்பட்ட மரம் உயரப் போவதை விட்டுவிட்டுச் சீக்கிரமே பூக்கும்.

ஆப்பிளில் இப்படிப்பட்ட வேரைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். 1913இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஹேட்டன், பெயர் குழம்பிக் கிடந்த ஆப்பிள் வேர்களைப் பிரித்து எண் கொடுத்தார். அவற்றில் ஒன்பதாம் எண்தான் இன்று காஷ்மீர், இமாச்சல் அடர் தோட்டங்கள் வரை வந்திருக்கும் எம்-9. மரம் எட்டுப் பத்து அடியோடு நின்றுவிடும். வேர் பலமில்லாததால் ஆயுசுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். சும்மா எதுவும் கிடைப்பதில்லை.

நம் சப்போட்டாவின் கதை நேர்மாறு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். கொட்டையிலிருந்து வளர்த்தால் ஆமை வேகம். அதை நம் காட்டுப் பாலையின் மேல் ஒட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தார் பருவத்தில் ஆசையாகத் தின்னும் பாலைப்பழம் இந்த மரத்துடையதுதான். இரண்டும் ஒரே பேரினம் என்பதால் ஒட்டு பிடிக்கிறது. பாலை நாற்றுக்கும் அவசரம் கிடையாது, பொறுமையாகத்தான் கனம் வைக்கும். ஆனால் அந்த வேர்மேல் ஏறிய சப்போட்டா வறட்சியைத் தாங்கி, செழித்துக் காய்க்கிறது.

ஒரே குணமுள்ள வேருக்கு மாவிலும் வழி இல்லாமல் இல்லை. ஓலூர், வெள்ளைக்கொழும்பான் போன்ற ரகங்களின் ஒரே கொட்டையில் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அல்போன்சாவைப் பல வேர்களில் ஏற்றி ஆண்டுக்கணக்கில் கவனித்தது. வெள்ளைக்கொழும்பான்மேல் ஏறிய மரங்கள் குட்டையாக நின்றன. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பழம் நினைவுக்கு வரும். இங்கே அது வேர்.

தமிழ்நாட்டில் மூன்றுக்கு இரண்டு மீட்டரில் ஏக்கருக்கு 674 கன்று நடும் அடர் நடவு வந்துவிட்டது. மரத்தைக் குள்ளமாக வைக்கக் கவாத்துக் கத்தரி, போதாததற்குப் பேக்லோபியூட்ரசால் மருந்து. வேரைத் தேர்ந்து வைத்தால் பாதி வேலை குறையுமே என்பது என் ஆதங்கம். மானாவாரிக் காட்டுக்கு இதைச் சொல்ல மாட்டேன். பெரியவர் தோட்டத்தில் மழை பொய்த்த வருஷத்தில் சின்ன மரம் பிஞ்சு மொத்தத்தையும் உதிர்த்ததாம். பெரியதுதான் காய் கொடுத்ததாம்.

எனக்கும் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. மல்கோவா என்று வாங்கி வைத்த கன்றில் குச்சி செத்து, வேரிலிருந்து தளிர் வந்ததை நான் கவனிக்கவில்லை. ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றி நார்க்காய் தின்றேன்.

திரும்பும் வழியில் மேட்டூரில் கன்று வண்டி ஒன்று நின்றது. இமாம்பசந்து, செந்தூரா, பங்கனப்பள்ளி என்று ஒவ்வொன்றிலும் சீட்டு தொங்கியது.

“தம்பி, இதுல வேர் என்ன ரகம்?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மா வேருதாண்ணே. வேற என்ன வெப்பாங்க?”