புள்ளலூர்ப் பரணி பாடும் சுவர்

சென்ற ஆண்டு தைத்திங்களில் தென்னாட்டுத் தலயாத்திரை சென்ற யான், காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து சூழும் தீவாகிய சீரங்கபட்டணத்தில் ஒரு பகல் தங்க நேர்ந்தது. ஆதிரங்கம் எனப்படும் அத்தலத்திலே பள்ளிகொண்ட பெருமாளை வணங்கி வெளியே வந்ததும், உடன்வந்த நண்பர், "பண்டிதர், இங்கே ஒரு சுவரிலே போர் நடக்கிறது, பார்க்க வேண்டாமோ?" என்றார். கோட்டைக்குப் புறத்தே, ஆற்றங்கரைச் சோலை நடுவில் நிற்கும் தரியா தௌலத் மாளிகைக்கு அவரே வழிகாட்டினார்.

திப்பு சுல்தான் 1784ஆம் ஆண்டிற் கட்டிமுடித்த கோடைமாளிகை அது. தேக்குமரத் தூண்களும் மேன்மாட முகப்புக்களும் உடையது. வேனிற் காலத்தில் அரசியற் கருமங்கள் ஈண்டும் நடந்தன. தூதராயும் குறையிரப்போராயும் வந்தவர் பலர் இச்சுவரைக் கண்டிருத்தல் வேண்டும். இன்று வெயில் படாதவாறு பச்சைத் திரைகள் தொங்குகின்றன. அவற்றின் பின்னே, மேற்குப் புறச்சுவர் முழுதும் குதிரையும் யானையும் சிவப்புச் சட்டையுமாய் ஒரு பெரும்படை நெருங்கிக் கிடக்கின்றது. அண்மை சேய்மை காட்டும் மேனாட்டு ஓவிய முறை இங்கில்லை. வரிசைக்குமேல் வரிசையாக அடுக்கிய சித்திரம். ஒருபுறம் ஹைதர் அலியும் மகன் திப்புவும் படையொடு பவனி வருகின்றனர். மறுபுறம் போர்.

எந்தப் போர் என்று வினவியபோதுதான் என் செவி விழித்தது. 'பொள்ளிலூர்' என்று ஆங்கில நூல்கள் எழுதும் அவ்வூர், காஞ்சிபுரத்தை அடுத்த நம் புள்ளலூரே! முதலாம் மகேந்திரவர்மன் தன் முதன்மைப் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு கூறும். பல்லவன் பொருத களத்திலேயே பதினோரு நூற்றாண்டு கழித்து மைசூரார் பொருதனர்.

1780 செப்டெம்பர் 10இல் நிகழ்ந்தது அப்போர். குண்டூரிலிருந்து வந்த கேணல் பெய்லியின் படை, காஞ்சியில் நின்ற தளபதி மன்றோவின் படையோடு கூடுதற்கு விரைந்தது. இடையிலிருந்த தூரம் ஏறத்தாழப் பத்துக் கல். அத்தூரத்தை மன்றோ உரிய வேளையிற் கடந்திலர். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மைசூராரின் எறிவாணம் பட்டே வெடித்தன என்பாரும் உளர். படை சிதைந்தது, பெய்லி சிறைப்பட்டார். மன்றோவோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் கோயிற் குளத்திலே தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி என்பது வரலாற்றார் பலர் துணிபு.

இவற்றையெல்லாம் சுவர் சொல்லுகிறது. வண்டி வெடிக்கிறது, சதுரமாக அணிவகுத்த செஞ்சட்டையினரை நாற்புறமும் குதிரைப்படை நெருக்குகிறது. அச்சதுரத்தின் நடுவே, பல்லக்கிலே, புண்பட்ட பெய்லி விரலை வாயில் வைத்தபடி அமர்ந்திருக்கிறார். யான் நெடுநேரம் நின்றது அவ்விடத்திலேதான்.

பரணி என்னும் பிரபந்தத்தைக் கற்பிப்போர்க்கு ஒரு செய்தி நன்கு தெரியும். ஆயிரம் யானையை அமரிடை வென்றவனைப் பாடும் அந்நூல், வென்றவன் பெயராலன்றித் தோற்றவர் பெயராலேயே வழங்கும். வென்றவன் குலோத்துங்கன், படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான், நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. ஒட்டக்கூத்தர் பாடியதும் தோற்ற தக்கன் பெயரால் தக்கயாகப்பரணி ஆயிற்று. இம்மரபை முப்பது ஆண்டாக மாணாக்கர்க்கு ஒரு விதியாகவே ஒப்புவித்து வந்தேன். அதன் பொருத்தம் புலப்பட்டது அன்னிய நாட்டு அரசன் ஒருவன் சுவர் முன்னேயாம். மைசூர் ஓவியன் பரணி படித்தவன் அல்லன். ஆயினும் வென்றோர் யானைமீதும் குதிரைமீதும் பொலிந்திருக்க, கண்ணை ஈர்க்கும் நடுவிடத்தைத் தோற்றவனுக்கே கொடுத்துவிட்டான். தோற்றவன் சிறியனாயின் வெற்றியும் சிறிதாய்விடும் அன்றோ?

இச்சித்திரத்தின் பிற்கதை இன்னும் விந்தை. 1799 மே 4இல் கோட்டை வீழ்ந்து திப்பு மாண்டான். அன்று ஏறிப் பொருத படைக்குத் தலைமை தாங்கிய பெயர்ட் என்பவர், புள்ளலூரிற் பிடிபட்டு இதே பட்டணத்தில் ஆண்டுக்கணக்காய்ச் சிறையிருந்தவர். (பெய்லி 1782இல் சிறையிலேயே இறந்தார்.) ஆனால் நகரத்தின் அதிகாரம் பெயர்ட்டுக்குக் கிட்டவில்லை, கேணல் வெல்லெஸ்லிக்குச் சென்றது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன் இவரே. 1800ஆம் ஆண்டின் இறுதியில் நம் திருகோணமலைக்கு வந்து படை திரட்டியவரும் இவரே. அவர் இம்மாளிகையிற் குடியிருந்த காலத்தில், முற்றுகைக்கு முன்னரே சிதைக்கப்பட்டிருந்த இவ்வோவியத்தைப் புதுக்குவித்தார். தம்மவர் தோல்வியைத் தாமே பேணினார்! மறுபடியும் யாரோ சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டனர். 1855இல் டல்ஹௌசிப் பிரபு, மூலத்தை நினைவில் வைத்திருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு மீண்டும் தீட்டுவித்தார் என்பர்.

இதனை ஆங்கிலேயர் பெருந்தன்மை என்று புகழ்வார் உளர். யான் அவ்வளவு தூரம் செல்லேன். புலியைக் கொன்றவன் அதன் தோலைப் பழுதுபடாமற் பேணுவதும் உண்டு. ஆயின் ஒன்று: இன்று நாம் காண்பது திப்புவின் ஓவியன் எழுதிய கோடு அன்று, அக்கோட்டின் நினைவு. வாய்மொழியாய் வந்த பாட்டில் எவ்வளவு பழமை, எவ்வளவு பாடினோர் சேர்க்கை என்று நாம் ஆராய்வது போலவே இதனையும் ஆராய வேண்டும். விரல் வாயில் வைத்த நிலை முதலோவியத்தில் இருந்ததோ, பின்வந்தோர் கைச்சரக்கோ, யார் துணிந்து கூறுவார்?

திரும்பும் வழியில் நண்பரிடம் வேறொன்றும் சொன்னேன். பெய்லியின் படையிற் பெரும்பாலோர் ஆங்கிலேயர் அல்லர். சென்னைச் சிப்பாய்கள், தென்னாட்டு மக்கள். புள்ளலூர் மண்ணிற் பட்டோரில் எத்தனை பேருக்கு அம்மண்ணின் மொழியே தாய்மொழியாய் இருந்ததோ! நம் முன்னோர் பட்டவனுக்கு நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதினர். இச்சுவரிலே ஒருவன் பெயரும் இல்லை.

இவ்வாண்டு கலிங்கத்துப்பரணி தொடங்கிய அன்று, பாடல் எதனையும் எடுக்குமுன் அப்பல்லக்கைப் பற்றியே வகுப்பிற் சொன்னேன். சதுரத்தையும், வெடித்த வண்டியையும், விரல் வைத்த வாயையும் கரும்பலகையில் வரைந்தும் காட்டினேன். யாவரும் கேட்டிருந்தனர். பின்வரிசையிலிருந்த மாணாக்கி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தப் பல்லக்கைத் தூக்கி வந்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்றாள்.

அரை நாழிகைக்கு மேல் அச்சுவர் முன் நின்ற யான், அவர்களைத் தேடிப் பார்க்கவே இல்லை.