பேரியம் குடிச்ச மறுநாள் மலம் வெள்ளையா போகுதா? பயப்படணுமா?

முத்தையாபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போய் பேரியம் எக்ஸ்ரே எடுத்து வந்தவர், மறுநாள் காலையில் மலம் சுண்ணாம்பு கரைச்ச மாதிரி போவதைப் பார்த்தால் பதறத்தான் செய்வார். ஆனால் அது குடித்த பேரியம் சல்பேட்தான்.

தண்ணீரில் கரையாத இந்த மாவைக் குடல் உறிஞ்சாது. உணவு போகும் வழியிலேயே வெளியேறிவிடும். வழக்கமாக 1 முதல் 3 நாள் ஆகும். சிடி ஸ்கேனுக்கு நரம்பில் ஏற்றும் அயோடின் மருந்து வேறு ரகம். அது சிறுநீரில் போய்விடும்.

அப்போ சிக்கல் எங்கே? பெருங்குடலில். அங்கே தண்ணீர் உறிஞ்சப்படுவதால், உடம்பில் நீர் குறைந்திருந்தால் பேரியம் இறுகி அடைத்துக்கொள்ளலாம். உப்பளத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள், முதியவர்கள், ஏற்கெனவே மலச்சிக்கல் உள்ளவர்கள் இதில்தான் கவனமா இருக்கணும். காலையில டெஸ்ட், மதியமே உப்பளம்னு ஓடக் கூடாது. அன்றும் மறுநாளும் தண்ணீர், மோர் தாராளமாகக் குடிக்கலாம். கீரை, பழமும் நல்லது. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பேதி மாத்திரையும் அவர் சொன்னால்தான்.

2 நாளாகியும் மலம் போகலையா? டாக்டரைப் பாருங்க. வயிறு உப்பி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, காற்றுகூடப் பிரியவில்லை என்றாலோ 2 நாள் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.